ஸ்பீக்கருக்குப் போட்ட வெல்வெட் உறை

கொள்முதல் விதி இந்த விஷயத்தில் மிகத் தெளிவாக இருக்கிறது. வாங்கிய பொருள் எந்த நிலையில் பயன்படப்போகிறதோ அந்த நிலையில்தான் அதைச் சோதித்து ஏற்க வேண்டும். ஏற்ற பிறகு அதில் எதையாவது சேர்த்தாலோ கழற்றினாலோ மறுபடியும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் நான் இருந்த காலம் முழுவதும் இந்த விதியைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மின்விசிறியை இறக்கை மாட்டாமலே சோதித்துக் கையெழுத்துப் போட்ட ஒருவருக்கு மெமோவும் கொடுத்திருக்கிறேன். கிழக்குத் தாம்பரத்தில் என் சொந்த வீட்டின் முன்னறையில் இதே விதி மீறப்பட்டபோது நான் அங்கேயே உட்கார்ந்து கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

என் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் வேலை. வீட்டில் இருக்கும் நேரத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பாட்டு எழுதி மெட்டமைப்பாள். நோவாவின் பேழையில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்த ஆட்டைப் பற்றி ஒன்று; தண்ணீர் திராட்சரசமாக மாறிய கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீர் சுமந்தே களைத்துப்போன வேலைக்காரர்களைப் பற்றி ஒன்று. எங்கள் சபையில் பல வருடங்களாக அவற்றைப் பாடினார்கள். யார் எழுதியது என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஒருமுறை கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாண வீட்டில், முன்பின் தெரியாத ஒரு சிறுமி அந்த ஆட்டுப் பாட்டைப் பாதி வரிகளை மாற்றிப் பாடிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது மின்சார ரயிலில் என் மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"தப்பாப் பாடறது பரவால்லங்க. சரியானது எங்கயாவது ஒரு இடத்துல இருக்கணும்ல."

சரியானது இருக்கக்கூடிய இடம் ஒன்று இருந்தது. கோடை விடுமுறையில் சபைகள் பிள்ளைகளுக்கு வேதாகமப் பள்ளி நடத்தும்; வி.பி.எஸ். என்றால்தான் எங்கள் பக்கத்தில் புரியும். அதற்காக நகரத்தில் ஓர் அமைப்பு ஆண்டுதோறும் புதுப் பாட்டுகளைக் கேசட்டாக வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் பதிவு செய்து அனுப்பலாம். ஒரு குழு கேட்டுத் தேர்ந்தெடுக்கும். தேர்வானால் கன்னியாகுமரி வரை பிள்ளைகள் அதைப் பாடுவார்கள்.

பதிவு செய்யக் கருவி இருந்தது. அவளுடைய தம்பி துபாயிலிருந்து ஒரு நாலு டிராக் ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தான். ஒரே கேசட்டில் குரலைத் தனியாக, கீபோர்டைத் தனியாக, தாளத்தைத் தனியாகப் பதிந்துகொண்டு, பிறகு எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று அளவு பார்த்துக் கலக்கலாம். அந்த அளவு பார்ப்பதில்தான் சிக்கல். வீட்டிலிருந்த டூ இன் ஒன் ரேடியோவில் கேட்டுக் கலந்தால் பாட்டு பாயசம் போல இருக்கும். அதையே சபையின் ஸ்பீக்கர் செட்டில் போட்டால் குரல் எங்கோ கிணற்றுக்குள் கிடக்கும். டூ இன் ஒன் எல்லாவற்றையும் கொஞ்சம் இனிப்பாக்கிக் கொடுத்தது. எங்கள் அலுவலகத்தில் மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதுபவர்கள் செய்வதும் இதைத்தான்.

ஸ்டுடியோக்களில் இதற்கென்றே மானிட்டர் என்று ஒரு வகை ஸ்பீக்கர் உண்டு என்று அவள் விசாரித்து வைத்திருந்தாள். என் பி.எஃப். முன்பணத்தில் மொட்டைமாடி ஒழுகலை அடைத்தது போக மிஞ்சியதற்குள் அதை வாங்க வேண்டும். நான் மூன்று இடங்களில் விலை கேட்டு ஒப்பீட்டு அட்டவணை போடலாம் என்றேன். போட்டுக்கோங்க என்றாள், பிள்ளையை விளையாடச் சொல்லும் தொனியில்.

முதலில் பார்க் ஸ்டேஷனில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் இடுப்பளவு உயரமுள்ள இரண்டு பெட்டிகளைக் காட்டினார். பாட்டுக்கு ஏற்றபடி சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரிந்தது. ஒரு சினிமாப் பாட்டைப் போட்டதும் என் சட்டைப் பையில் இருந்த சில்லறை ஆடியது. எனக்குப் பிடித்திருந்தது. அட்டவணையில் முதலிடம் கொடுத்தேன். மனைவி கைப்பையிலிருந்து தன் கேசட்டை எடுத்துக் கொடுத்து, இதைப் போடுங்கள், சத்தத்தைக் குறைத்து வையுங்கள் என்றாள்.

"இன்னா மேடம், கொறைச்சு வெச்சு கேக்கற பொருளா இது? மண்டபத்துல வெச்சா அடுத்த மண்டபத்துக்காரன் வந்து சண்டை போடுவான்."

"அடுத்த வூட்டுக்காரங்க என் சொந்தக்காரங்க மாதிரி. சண்டை வேணாம். கொறைங்க."

அவள் கொண்டுபோயிருந்தது பாட்டுக் கேசட்கூட அல்ல. எங்கள் சபையின் ஹாலில் பிள்ளைகள் ஒத்திகை பார்த்ததைச் சாதாரணமாகப் பதிந்தது. அதில் ஒரு மின்விசிறி கீச்சிடும். பின்வரிசையில் ஒருத்தி மற்றவர்களைவிட அரை நொடி முந்திப் பாடுவாள். நடுவில் மின்சார ரயில் ஒன்று போகும். வருடக்கணக்கில் கேட்ட ஒலிகள். விளக்கு எரிந்த பெட்டிகளில் ரயில் பிரமாதமாகப் போனது. எங்கள் புறநகர் ரயில் வடநாட்டு எக்ஸ்பிரஸாகிவிட்டது. மின்விசிறியைக் காணவில்லை. அவள் நன்றி சொல்லிக் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இரண்டாவது கடையிலும் ஏறக்குறைய இதுவே நடந்தது.

மூன்றாவது இடம் கோடம்பாக்கத்தில் ஒரு சிறிய டப்பிங் ஸ்டுடியோ. புதுக் கருவிகள் வாங்கியதால் பழைய மானிட்டர்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். பார்க்க ஒன்றுமில்லை. கறுப்புப் பூச்சு உதிர்ந்த இரண்டு சின்னப் பெட்டிகள். முன்னால் வலைகூட இல்லை, உள்ளே இருக்கும் காகிதக் கூம்பு வெறுமனே தெரிந்தது. விற்கிறவர் அவற்றைப் புகழவே இல்லை. "இதுல எதுவும் அழகாக் கேக்காதுக்கா, முன்னாடியே சொல்லிடறேன்" என்றார். கேசட்டைப் போட்டார். மின்விசிறி கீச்சிட்டது. பின்வரிசைக்காரி முந்தினாள். இதுவரை நான் கேட்டிராத ஒன்றும் கேட்டது: யாரோ ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சியது.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அட்டவணையைப் பார்த்தேன். இருப்பதிலேயே பழையது, அசிங்கமானது, எல்லாவற்றையும் மோசமாகக் காட்டுவது. ஆனால் விலை குறைந்ததும் அதுதான். நல்ல வேளையாக விதியும் அவள் விருப்பமும் ஒரே பக்கம் நின்றன. தணிக்கைக் குழுவைக் காசு கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வருகிறோம் என்றேன். அவள் அதற்குள் பெட்டிகளை எந்தத் துணியில் சுற்றுவது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

முன்னறையில் இரண்டு இரும்பு ஸ்டூல்களின் மேல் அவற்றை வைத்தோம். இரண்டு பெட்டிகளும் கேட்பவரின் தலையும் ஒரே இடைவெளியில் முக்கோணமாக இருக்க வேண்டும் என்று ஸ்டுடியோக்காரர் சொல்லியிருந்தார். டேப் பிடித்து அளந்து, நாற்காலிக் கால்களுக்குத் தரையில் சாக்பீஸால் குறி போட்டுக் கொடுத்தது நான். அதுவரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்று சொல்வது வழக்கம். வீட்டுக்குப் புதிதாக ஸ்கூட்டர் வந்தாலும் தையல் மெஷின் வந்தாலும் ஐயர் வந்து ஜெபம் பண்ணுவார். பாட்டுக்கென்று வாங்கிய கருவிக்கு அது நடக்காமல் போகுமா? ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐயர் வந்தார். பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் வந்தார்கள். சங்கச் செயலாளர் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெபம் முடிந்து கேக் வந்ததும் அவர் ஒரு பார்சலைப் பிரித்தார். இரண்டு உறைகள். மெரூன் நிற வெல்வெட், உள்ளே கான்வாஸ் லைனிங், ஓரத்தில் வெள்ளிச் சரிகை, முன்பக்கத்தில் உறைக்கொரு ஆட்டுக்குட்டி வெள்ளை நூலில். அளவு கச்சிதம். நான் அலுவலகம் போயிருந்த நேரத்தில் வந்து அளந்துகொண்டு போயிருக்கிறார்.

இது எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. வேளச்சேரி சாலையில் ஜல்லி லாரிகள் இரவு பகலாக ஓடின. அந்தத் தூசிக்குப் பயந்து டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, டெலிபோனுக்கு உறை, ஃபிரிட்ஜின் கைப்பிடிக்குக்கூட ஓர் உறை இருந்தது. மனைவி உறைகளை வாங்கி மாட்டினாள். ரெக்கார்டரைப் போட்டபோது மரியாதைக்காகக் கழற்றப் போனாள். அக்கா தடுத்தார்.

"எதுக்கும்மா எடுக்கற? டிவின்னா சரி, மூடினா படம் தெரியாது. இது சத்தம்தானே. துணி வழியா தாராளமா வரும்."

ஐயர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். தர்க்கத்தில் ஓட்டை இருப்பதாக அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. சத்தம் வந்தது, அது உண்மைதானே.

அக்கா தினமும் காலையில் பேப்பர் வாங்க வருவார், சாயங்காலம் அதைத் திருப்பித் தர வருவார். கதவைத் தட்டும் வழக்கம் கிடையாது. உறை இல்லாமல் பெட்டிகளைப் பார்த்தால் பிடிக்கவில்லையா என்று கேட்பார். கேட்காமல் போனால் அது இன்னும் கஷ்டம். ஆகவே உறைகள் இருந்தன. மனைவி சாக்பீஸ் குறிக்குள் நாற்காலியைப் போட்டு, இரண்டு ஆட்டுக்குட்டிகளுக்கு எதிரில் உட்கார்ந்து, அந்த மழைக்காலம் தொடங்கும் வரை ஐந்து பாட்டுகளைக் கலந்து முடித்தாள். ஆரம்பத்தில் கொஞ்சம் மந்தமாக இருப்பது போலத் தோன்றியதாம். ஸ்டுடியோவிலிருந்து வீட்டுக்கு இடம் மாறிய பெட்டி அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகும் என்று நினைத்திருக்கிறாள். பழகியும் விட்டது. கேசட்டை அனுப்பினோம்.

நவம்பரில், பீர்க்கன்கரணை ஏரி நிரம்பிவிட்டது என்று ஊரே போய்ப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில், கேசட் திரும்பி வந்தது. கூடவே குழுவின் குறிப்பு. பாட்டுகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் ஒலி காதைக் குத்துகிறது, ஒவ்வொரு 'ச'வும் விசிலடிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். கலவை செய்தவர் தம் செவித்திறனைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று, அக்கறையோடுதான், ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு மூத்த ஆபரேட்டர்கள் இரண்டு பேருக்கு ஹெட்போன் மாட்டும் பக்கத்துக் காது போயிருந்தது. முதலில் போவது கூர்மையான ஒலிகள்தான் என்று அவர்கள் சொல்லக் கேட்டிருந்தாள். ஒரு வாரம் கழித்துக் கேள்விகள் வர ஆரம்பித்தன. குக்கர் விசில் எனக்கு முன்னால் உங்களுக்குக் கேட்டதா? அணில் கத்துகிறதா, இல்லை நானாக நினைத்துக்கொள்கிறேனா? எங்கள் சபைக் கோயிலில் எப்போதும் உட்காரும் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். வரப்போகும் கிறிஸ்துமஸ் ஆராதனையோடு பாடகர் குழுவிலிருந்து விலகிக்கொள்வதாகக் குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டாள் என்பது எனக்கு மூன்றாம் மனிதர் மூலம் தெரியவந்தது.

மருத்துவரிடம் போவதற்கான நடைமுறையை நான் விளக்கினேன். யாரிடம் காட்ட வேண்டும், யார் பரிந்துரைக்க வேண்டும், எந்தச் செலவைத் திரும்பப் பெறலாம் என்பதெல்லாம். அவள் புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"போனா எழுதிக் குடுத்துடுவாங்க. எழுதிட்டா அப்பறம் அது நெஜமாயிடும். இப்ப சந்தேகமாவாவது இருக்கட்டும்."

எழுத்தில் வந்தால்தான் எதுவும் உண்மை என்று வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தவன் நான்.

டிசம்பரில் வழக்கமான வேலைகள் தொடங்கின. வெள்ளையடிப்பு, திரைச்சீலை துவைப்பு, பரண் சுத்தம். ஒரு காலையில் பேப்பர் வாங்க வந்த அக்கா உறைகளைத் தடவிப் பார்த்துச் சரிகை கறுத்துவிட்டது என்று தாமே கழற்றிக்கொண்டு போனார். கிறிஸ்துமஸுக்குள் புதுச் சரிகை வைத்துத் தருவதாகச் சொன்னார். மனைவி அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. குழுவிடமிருந்து திரும்பி வந்த கேசட்டை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் கேரல் ஒத்திகையை அதன் மேல் பதிந்துவிடலாம், எதற்கு நல்ல கேசட்டை வீணாக்க வேண்டும் என்றாள். எங்கிருந்து அழிப்பது என்று பார்க்க அதை ஓட்டினாள்.

நான் உள்ளே முறுக்குப் பிழியும் சேவைக்கட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். முன்னறையில் ஆட்டுப் பாட்டு தொடங்கியது, உடனே நின்றது. மறுபடி தொடங்கியது, நின்றது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. எட்டிப் பார்த்தேன். கொடியிலிருந்து இரண்டு குளியல் துண்டுகளை எடுத்து வந்து ஸ்பீக்கர்களின் மேல் போட்டுவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாட்டைப் போட்டாள். எழுந்து துண்டுகளை எடுத்தாள். உட்கார்ந்தாள். திரும்பவும் போட்டாள்.

"இங்க வந்து ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். துண்டு இருந்தபோது அது எனக்குப் பழக்கமான பாட்டு. துண்டை எடுத்ததும் யாரோ ஸ்லேட்டில் ஆணியால் கோடு போட்டது போல இருந்தது. நான் என்னை அறியாமல் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் பொத்தவில்லை. அந்தக் கூச்சலை முழுக்க, சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிடுவது போல, கடைசி வரை கேட்டாள்.

"காது இல்லங்க. துணி."

விஷயம் இவ்வளவுதான். கான்வாஸும் வெல்வெட்டும் கூர்மையான ஒலிகளைக் குடித்துவிட்டன. குறைவாகக் கேட்டதால் அவள் அவற்றைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள். கூட்டியது கேசட்டில் ஏறியது. உறை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. கோடம்பாக்கத்தில் வெறும் பெட்டியாகச் சோதித்து ஏற்ற பொருளை வெல்வெட்டோடு பயன்படுத்தியிருக்கிறோம். விதி எண்ணுடன் இதை நான் அவளுக்கு விளக்க முனைந்தேன். அவள் முகத்தைக் கழுவிக்கொள்ளப் போய்விட்டாள். குழாய் நீண்ட நேரம் ஓடியது.

அடுத்த வாரம் அவளே காது மருத்துவரிடம் போய் வந்தாள். எந்தப் பரிந்துரையும் இல்லாமல், நேராக, சொந்தச் செலவில். திரும்பி வந்து, "நல்லா இருக்காம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புளியைக் கரைக்க உட்கார்ந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தன் பழைய இடத்துக்குத் திரும்பினாள். பாடகர் குழுவிலிருந்து விலகும் பேச்சை அவளும் எடுக்கவில்லை, குழுத் தலைவரும் புத்திசாலித்தனமாக மறந்துவிட்டார்.

உறைகள் புதுச் சரிகையோடு வந்தன. இந்தப் பேச்சுக்கு நான் பயந்திருந்தேன். மனைவி அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, உறையோடும் உறையில்லாமலும் போட்டுக் காட்டினாள். அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ நான் தெச்சதுதான் உன் பாட்டைக் கெடுத்துதுன்னு சொல்ற."

"நீங்க ரொம்ப நல்லா தெச்சுட்டீங்கக்கா. கொஞ்சம் சுமாரா தெச்சிருந்தா தப்பிச்சிருப்பேன்."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். தலைமையாசிரியை முகம் அது. பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"சரி. ஜெபத்துக்கு மட்டும் முக்காடு போடறோமில்ல, அந்த மாதிரி வெச்சுக்கோ. வேலை செய்யறப்போ எடுத்துடு. நான் வர்ற நேரமா இருந்தாலும் பரவால்ல."

கிறிஸ்துமஸுக்கும் புது வருடத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் ஐந்து பாட்டுகளையும் மறுபடி கலந்தாள். இம்முறை நான் கேட்டபோது பாட்டு அழகாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. அவள் பாடுவது போல இருந்தது. பின்னணியில் ஏதோ ஒரு லாரி போனதும் கேட்டது. அதை எடுக்க முடியாது என்றாள். எடுக்கவும் அவள் விரும்பவில்லை என்று நினைக்கிறேன்.

திருப்பி அனுப்பிய பதிவை அதே ஆண்டில் மறுபரிசீலனை செய்வதில்லை என்று அந்த அமைப்பின் அறிவிப்பிலேயே இருந்தது. ஆனால் இணைப்பான கேசட்டை மாற்றிக்கொடுப்பது மறுபரிசீலனை ஆகாது என்று வாதிட இடமிருந்தது. நான் பத்தி எண்களோடு ஒரு விண்ணப்பம் தயாரித்தேன். உறையை அங்கீகாரமற்ற பிற்சேர்க்கை என்று குறிப்பிட்டிருந்தேன். அவள் படித்துப் பார்த்து, நல்லா இருக்கு என்று சொல்லி மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, ஓர் இன்லேண்ட் லெட்டரில் தானே எழுதினாள்: என் ஸ்பீக்கரின் மேல் துணி மூடியிருந்தது. எடுத்துவிட்டேன். தயவுசெய்து இன்னொரு முறை கேளுங்கள். கேசட்டைத் தனிப் பார்சலாக அனுப்பினாள்.

ஜனவரியில் பதில் இல்லை. பிப்ரவரியில் நான் நினைவூட்டல் எழுதலாம் என்றேன், வேண்டாம் என்றாள். மார்ச்சில் அவளுக்குத் தெரியாமல் ஒன்று எழுதினேன், அதற்கும் பதில் இல்லை. ஏப்ரலில் அந்த ஆண்டின் புதுக் கேசட் சபைக்கு வந்தது. அவளுடைய பாட்டு அதில் இல்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது நான்தான். அவள் தன் பிரதியை எடுத்துக்கொண்டு எங்கள் வி.பி.எஸ்.ஸுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஐந்து பாட்டுகளையும் கற்றுக்கொடுத்தாள். ஹாலில் மின்விசிறி கீச்சிட்டது. பின்வரிசையில் புதிதாக ஒருத்தி முந்தினாள். இரண்டும் தனக்கு வாசலிலிருந்தே கேட்டன என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த அன்று அவள் டியூட்டிக்குப் போயிருந்த நேரத்தில் தபால்காரர் ஒரு நீளக் கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். பிறர் பெயருக்கு வந்த தபாலைப் பிரிக்கக் கூடாது என்பது விதி. நான் அதை வெல்வெட் உறையின் மேல், ஆட்டுக்குட்டிக்கு நேர் மேலே, சாய்த்து வைத்துவிட்டு அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் வந்தவள் கை கால் கழுவி, காப்பி குடித்து, அதன் பிறகுதான் பிரித்தாள். உள்ளே ஒரே வரி. கேட்டோம், ஆட்டுப் பாட்டும் கானாவூர்ப் பாட்டும் அடுத்த ஆண்டின் கேசட்டில், தங்கள் பெயருடன்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு வெல்வெட் உறைகளைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு நாற்காலியைச் சாக்பீஸ் குறிக்கு இழுத்துப் போட்டாள். ஆறாவது பாட்டு ஒன்று பாதியில் இருந்தது. கடிதத்தை என்னிடம் நீட்டி, "எங்கயாவது பத்திரமா வைங்க" என்றாள். வைப்பதற்கு முன், பழக்கதோஷத்தால், அதன் மேல் மூலையில் பெற்ற தேதியை எழுதினேன்: 5 ஜூன் 1995, திங்கட்கிழமை.